காரநீர் இயந்திரம் வாங்குமுன் செய்ய வேண்டியவை: யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பெற்றோரின் உடல்நலத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தில், நீரை மின்சாரத்தால் பகுத்துக் காரமாக்கித் தரும், பல இலட்சம் ரூபாய் விலையுள்ள காரநீர் இயந்திரமொன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீடுகள் இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. நெஞ்செரிவு தொடக்கம் நீரிழிவு, சிறுநீரகக் கல், புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் இந்த நீர் நல்லது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. உங்கள் வீடும் அவற்றுள் ஒன்றானால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் கீழே சொல்லப்படும் காரியங்களைச் செய்து பாருங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஒருவருக்குச் சாதாரண நல்ல நீரால் கிடைக்காத எந்த நன்மையையும் காரநீர் தருகிறது என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் வாழும் நமக்கு இயற்கையாகவே காரத்தன்மை நிறைந்த நீர் கிணற்றில் கிடைக்கிறது. நம் கிணறுகளில் உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. அவற்றைப் போக்குவதற்கு அந்த இயந்திரம் செய்யப்படவில்லை.

முதலில் இரண்டு எண்களைப் பிரித்தறியுங்கள்

விற்பனையாளர் காட்டும் எண் பீ.எச். பெறுமானம். 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரின் கார்ள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற இரசாயனவியலாளர் வகுத்த அளவு அது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கைக் குறிப்பதால், 8.5 பீ.எச். உள்ள நீரைவிட 9.5 உள்ள நீரில், காரத்தைத் தரும் ஐதரொட்சைட்டு அயன்கள் பத்து மடங்கு அதிகம். இதைக் கேட்கும்போது பெரிய வேறுபாடாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த அளவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு உப்புகள் எதுவும் கரையாத, பீ.எச். 9.5 உள்ள ஒரு லீற்றர் நீரில் இருக்கும் ஐதரொட்சைட்டின் அளவு ஏறத்தாழ 0.03 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லும் இரசாயன அலகு). இரைப்பைச் சாற்றின் பீ.எச். பொதுவாக 1.5 முதல் 3.5 வரை இருக்கும். 1.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றர் காரநீர் முழுவதையும் நடுநிலையாக்குவதற்கு ஒரே ஒரு மில்லிலீற்றர் இரைப்பைச் சாறு போதும். இரைப்பையோ நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேற்பட்ட சாற்றைச் சுரக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது எண் காரத்தன்மை. அமிலத்தைத் தாங்கி நிற்கும் ஆற்றல் ஒரு நீருக்கு எவ்வளவு உண்டு என்பதை அது சொல்கிறது. கல்சியம் காபனேற்றாகக் கணித்து, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஆய்வுகூட அறிக்கையில் எழுதுவார்கள். மழைநீர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கும்போது மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டின் துணையோடு கல்லைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நம் கிணற்று நீரில் கல்சியமும், அமிலத்தைத் தாங்கும் இருகாபனேற்றும் மிகுந்துள்ளன. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதனால்தான். உங்கள் கிணற்று நீரின் காரத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்றால், அது லீற்றருக்கு 5 மில்லிமோல் அமிலத்தைத் தாங்கும். பீ.எச். 7.5 மட்டுமே காட்டும் இந்த நீர், மேலே சொன்ன 9.5 நீரைவிட நூற்றைம்பது மடங்குக்கும் அதிகமான அமிலத்தை நடுநிலையாக்க வல்லது. எண் சிறியதாகக் காட்டப்படும் தண்ணீர், எண் பெரியதாகக் காட்டப்படும் தண்ணீரைவிடக் கூடுதலான அமிலத்தைத் தாங்கலாம் என்பதை இந்த ஒரு கணக்கிலிருந்து விளங்கிக்கொண்டால், விற்பனைப் பேச்சின் பெரும்பகுதி அப்படியே விழுந்துவிடும்.

இதே கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, பீ.எச். மேலும் கூடும். கொதித்தாறிய தண்ணீரைக் குடிக்கும் வீடுகளில், பெயர் சொல்லாமலே காரநீர் குடிக்கப்பட்டு வருகிறது.

உடல் என்ன செய்கிறது

குருதியின் பீ.எச். 7.35இற்கும் 7.45இற்கும் இடையிலேயே இருக்க வேண்டும். இந்தக் குறுகிய எல்லையைக் காப்பவை நுரையீரலும் சிறுநீரகமும் குருதியிலுள்ள இருகாபனேற்றுத் தாங்கலும் ஆகும். மூச்சு வேகமானால் காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறும். எஞ்சும் அமிலத்தையோ காரத்தையோ சிறுநீரகம் சிறுநீரில் தள்ளிவிடும். ஆகவே காரநீர் அருந்துபவரின் சிறுநீர் சற்றுக் காரமாக மாறக்கூடும், குருதி மாறாது. சிறுநீரில் தாளை நனைத்து நிறத்தைக் காட்டி "உடம்பு காரமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்ததைத்தான் அந்தத் தாள் காட்டுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். குருதியின் பீ.எச். மெய்யாகவே எல்லை மீறினால், அது வைத்தியசாலையில் அவசர சிகிச்சை பெற வேண்டிய நிலை.

சொல்லப்படும் நன்மைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள்

புற்றுநோயைப் பற்றிய பேச்சை முதலில் எடுக்கிறேன், ஏனெனில் அதுதான் மனிதரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி உயிருக்கே ஆபத்தைத் தருவது. "காரச் சூழலில் புற்றுநோய் வாழாது என்று கண்டுபிடித்ததற்காக ஒட்டோ வார்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது" என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றி வருகிறது. வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. அது உயிரணுச் சுவாசத்தில் பங்கேற்கும் நொதியத்தின் தன்மையையும் செயலையும் கண்டறிந்ததற்காக வழங்கப்பட்டது; காரநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார உணவும் காரநீரும் புற்றுநோயைத் தடுக்குமா, குணப்படுத்துமா என்று வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2016இல் வெளியிடப்பட்ட மீளாய்வு, அவ்வாறு பரிந்துரைக்கச் சான்று இல்லை என்றே முடித்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் தண்ணீருக்காகவும் ஒரு தவணைச் சிகிச்சையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நெஞ்செரிவைப் பொறுத்தவரை நியாயமாகச் சொல்ல வேண்டிய விடயம் சிறிது உண்டு. இரைப்பைச் சாறு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும்போது அதிலுள்ள பெப்சின் என்ற நொதியமும் தீங்கு செய்கிறது. பீ.எச். 8.8 உள்ள இயற்கை ஊற்று நீர் அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அது சோதனைக் குழாயில் செய்யப்பட்ட ஆய்வு. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், தாவர உணவை முதன்மையாகக் கொண்ட உணவுமுறையோடு காரநீரும் அருந்திய தொண்டை அழற்சி நோயாளர், மாத்திரை எடுத்தவர்களைப் போலவே தேறியிருந்தனர். ஆயினும் உணவு மாறியதால் தேறினார்களா, நீரால் தேறினார்களா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. யப்பானிலும் இந்த மின்பகுப்பு இயந்திரங்களுக்கு, வயிற்றுக் கோளாறுகளைத் தணிப்பது என்ற எல்லைக்குள்ளேதான் வீட்டு மருத்துவச் சாதனமாக அனுமதி உண்டு. நெஞ்செரிவு உள்ளவர் செலவில்லாமல் செய்யக்கூடியவை வேறு உள்ளன. இராச் சாப்பாட்டை நித்திரைக்குப் போக மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே முடிக்கலாம், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தலாம், உறைப்பும் எண்ணெயும் கூடிய கறியை இரவில் தவிர்க்கலாம். இவற்றை ஒரு மாதம் செய்தும் குறையாவிட்டாலோ, விழுங்குவது கடினமானாலோ, மலம் கறுத்துப் போனாலோ, எடை குறைந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும்.

சிறுநீரகக் கல் நம் ஊரில் அடிக்கடி கேள்விப்படும் நோய் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சிறுநீரைக் காரமாக்குவது யூரிக் அமிலக் கற்களுக்கும் சிஸ்ரீன் கற்களுக்கும் நல்லது என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. அதற்காகப் பொற்றாசியம் சித்திரேற்று மருந்து கொடுக்கப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள், கடைகளில் விற்கும் காரநீர் வகைகளை எடுத்து அளந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் பீ.எச். 10 அளவில் இருந்தாலும் அவற்றிலுள்ள காரம் சிறுநீரை மாற்றுவதற்கு மிகச் சொற்பம் என்று கண்டது. முன்பு நாம் போட்ட கணக்கு சொல்வதும் இதைத்தான். சில பழச்சாறுகளில் அதைவிடக் கூடுதலான கார ஆற்றல் உண்டு என்றும் அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல் வந்தவர் நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல்களின் முதல் அறிவுரை. நம் கோடை வெயிலில் தோட்டத்தில் நிற்பவர் வியர்வையில் இழப்பதையும் சேர்த்தால், குடிக்க வேண்டியது மூன்று லீற்றருக்கு மேல் போகும். அந்தத் தண்ணீரில் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடித்தால் சித்திரேற்றும் சேரும். உப்பை அளவோடு போடுங்கள்.

எலும்பைப் பற்றியும் ஒரு சிறு ஆய்வு உண்டு. இருகாபனேற்று மிகுந்த கனிம நீர் அருந்திய இளம் பெண்களிடம் எலும்புத் தேய்வைக் காட்டும் அளவைகள் சற்றுக் குறைந்ததாக 2009இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். நன்மை இருந்தால் அது இருகாபனேற்றின் நன்மை. நம் கிணறுகளில் அது ஏற்கனவே உண்டு. உடற்பயிற்சிக்குப் பின் களைப்பு ஆறுவது, முதுமை தள்ளிப்போவது போன்ற மற்றப் பேச்சுகளுக்கு இதைவிட மெலிந்த ஆதாரமே இருப்பதால் அவற்றில் நேரத்தைச் செலவிடவில்லை.

செயல்விளக்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும்

கொக்குவிலில் உறவினர் ஒருவர் வீட்டில் நடந்த செயல்விளக்கம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். ஆர்.ஓ. வடிகட்டியோடு (கரைந்த உப்புகளை நுண்சவ்வால் அகற்றுவது) காரமூட்டும் குழாயும் பொருத்திய சாதனமொன்றை விற்க வந்திருந்தார்கள். இரண்டு கிளாசுகளை மேசையில் வைத்து, ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் தங்கள் சாதனத்திலிருந்து எடுத்த நீரையும் ஊற்றி, நான்கு உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு நிமிடத்துக்குள் கிணற்று நீர் மஞ்சளாகிப் பச்சையாகி, பின்பு கபில நிற நுரையும் வண்டலுமாகத் திரண்டது. மற்றக் கிளாஸ் அப்படியே தெளிவாக நின்றது. "அம்மா, இவ்வளவு காலமும் இதைத்தான் குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்," என்றார் வந்தவர். வீட்டுக்கார அம்மாவின் முகம் வாடிவிட்டது. "தம்பி, இது எங்கட அப்பு வெட்டின கிணறு," என்று மட்டும் சொன்னார்.

அந்த வண்டல் கிணற்றிலிருந்து வந்ததல்ல. கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. கல்சியமும் மகனீசியமும் கரைந்துள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு மின்வாய் கரைந்து இரும்பு ஐதரொட்சைட்டாக, அதாவது துருவாக, நீரில் படியும். ஆர்.ஓ. நீரில் உப்புகள் மிகக் குறைவாதலால் மின்சாரம் சரியாகப் பாயாது, ஆகவே கம்பியும் கரையாது. உங்கள் வீட்டில் இப்படிச் செய்தால், அவர்களுடைய தெளிந்த நீரிலே ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி செய்து காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். அந்த நீரும் கலங்கும். இதை நீங்களே செய்ய முயல வேண்டாம். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அந்தக் கருவி நீரில் நிற்கும்போது கை பட்டால் உயிராபத்து.

துளி மருந்தை விட்டு நிறம் காட்டுவது மற்றொரு வழக்கம். அந்த மருந்து ஒரு நிறங்காட்டி. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் ஆலாத்தி சிவப்பாவது எப்படியோ அப்படித்தான் அதுவும் வேலை செய்கிறது. நிறம் மாறியது உண்மை, ஆனால் அது பீ.எச். பெறுமானத்தை மட்டும் சொல்கிறது. நீங்கள் செய்யக்கூடிய எதிர்ச்சோதனை எளியது. ஒரே அளவு கிணற்று நீரையும் காரநீரையும் எடுத்து இரண்டிலும் அதே துளியை விட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் உறிஞ்சுகுழாயால் ஒரு நிமிடம் மெதுவாக மூச்சை ஊதுங்கள். நீரை வாய்க்குள் இழுத்துவிடக் கூடாது. உப்புகள் குறைந்த காரநீராக இருந்தால் அதன் நிறம் விரைவாக அமிலப் பக்கத்துக்குச் சரிந்துவிடும். கிணற்று நீர் அவ்வளவு தூரம் இறங்காமல் தாங்கி நிற்கும், ஏனெனில் அதிலுள்ள இருகாபனேற்று மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை எதிர்த்து நிற்கிறது. மூச்சுக்கே தாங்காத காரம் இரைப்பைக்குத் தாங்காது.

ரி.டி.எஸ். மானியைக் காட்டி எண் குறைந்தால் நீர் தூய்மையானது என்பார்கள். அந்தக் கருவி நீரின் மின் கடத்துதிறனை அளந்து, மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கலாம் என்று கணித்துச் சொல்கிறது. கரைந்திருப்பது கல்சியமா, நைத்திரேற்றா என்று அதற்குத் தெரியாது. கிருமிகளும் எண்ணெயும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

கிணற்றைப் பரிசோதிக்கும் முறை

இயந்திரத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் மிகச் சிறு பகுதியை இதற்குச் செலவிடுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைப் பரிசோதிப்பிக்கலாம். கிருமிப் பரிசோதனை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டாலும் வழி சொல்வார். எவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொண்டு போவது நல்லது: பீ.எச்., மொத்தக் காரத்தன்மை, மொத்த வன்மை (கரைந்துள்ள கல்சியம், மகனீசியத்தின் அளவு), குளோரைட்டு, நைத்திரேற்று, புளோரைட்டு, மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி பற்றீரியா. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள பகுதியானால் எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கு கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பு வழங்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிணறுகளின் பீ.எச். அளவை எத்தனை முறை பார்த்திருந்தாலும் எண்ணெய் இருப்பது அதில் தெரிந்திராது.

மாதிரி எடுக்கும்போது காட்டும் கவனத்தில்தான் அறிக்கையின் பெறுமதி இருக்கிறது. மோட்டரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கி நின்ற நீர் போன பின்னரே பிடிக்க வேண்டும். தாங்கியிலிருந்து எடுத்தால் கிணற்றின் நிலை தெரியாது. இரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே நீரால் மூன்று தரம் அலசிவிட்டு, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இடைவெளி இருந்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிப் பீ.எச். கூடிக் காட்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்த வேண்டும். அதை அலசக்கூடாது, உள்வாயில் விரல் படக்கூடாது. ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றே, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள், கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆண்டுக்கு இரு முறை பரிசோதிப்பது நல்லது. மாரி தொடங்கி முதல் பெருமழைகள் பெய்தபின், தோட்ட நிலத்தில் போட்ட யூரியாவும் எருவும் மலக்குழிகளின் கழிவும் கரைந்து கிணற்றுக்கு இறங்கும். நைத்திரேற்றும் கிருமியும் அப்போது கூடலாம். கோடையின் கடைசியில் நீர்மட்டம் தாழ்ந்து உவர் மேலேறும். குடாநாட்டின் நன்னீர், கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையாகவே இருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதிலிருந்து இதை அறியலாம். பெரிய மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே வந்துவிடும். வந்த உவர் இலகுவில் திரும்பிப் போகாது.

அறிக்கை வந்த பின்

பீ.எச். 6.5இற்கும் 8.5இற்கும் இடையில் இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் அனுமதிக்கும் எல்லை அதுவே, 9.5 காட்டும் காரநீர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கண் முதலில் போக வேண்டிய இடம் நைத்திரேற்று. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுத் தரமும் வகுத்த எல்லை. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று நைதரசன் என்று எழுதும். அப்படியானால் எல்லை 11 மில்லிகிராம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், நைதரசனாக எழுதப்பட்ட 20ஐப் பார்த்து 50இற்குக் கீழேதானே இருக்கிறது என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் போன்ற செம்மண் தோட்டப் பகுதிகளிலும், வீடுகள் நெருங்கி ஒவ்வொரு வளவிலும் கிணறும் மலக்குழியும் அருகருகே உள்ள நகரப் பகுதிகளிலும் இதை விசேடமாகப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் கழிவு வடிகட்டப்படாமலே ஓடிச் சேரும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சொல்லப்படும் ஐம்பது அடி இடைவெளி இங்கே முழுப் பாதுகாப்பு ஆகாது. எல்லையைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு இன்னும் செறிவாகும். கரி வடிகட்டியும் காரநீர் இயந்திரமும் இதை நம்பத்தக்க விதத்தில் அகற்றமாட்டா. ஆர்.ஓ. குறைக்கும்; அல்லது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குழாய்நீரையோ பரிசோதிக்கப்பட்ட வேறு நீரையோ எடுக்கலாம்.

100 மில்லிலீற்றரில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக்கூடாது. இருந்தால் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் கிணற்றுக்குக் குளோரீன் இட்டு, கிருமி எங்கிருந்து வருகிறது என்பதையும் தேடுங்கள்.

வன்மைக்கு நம் தரநிர்ணயம் வகுத்த எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். நம் கிணறுகள் பல அதைத் தாண்டும். அந்தக் கல்சியத்தை எண்ணி அஞ்சத் தேவையில்லை. சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலும் சுடுநீர்ச் சாதனமும் படிவு கட்டும், காரநீர் இயந்திரத்தின் தகடுகளும் அப்படியே படிவு கட்டும். வன்மை நீக்கும் சாதனம் பொருத்துவதானால் அது கல்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை நீருக்குள் விடும் என்பதை நினைவில் வையுங்கள். 400 மில்லிகிராம் வன்மையை முழுதாக நீக்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 184 மில்லிகிராம் சோடியம் சேரும். உயர் குருதி அமுக்கம் உள்ளவர் இருக்கும் வீட்டில் குடிநீர்க் குழாயை அந்தச் சாதனத்துக்கு வெளியே பிரித்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

2024 ஓகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாய்நீர் கிடைக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலைகளில் பல இல்லை. அங்கு கவனிக்க வேண்டியது தாங்கியின் மூடியும் சுத்தமுமே.

இவ்வளவுக்குப் பிறகும் காரநீர் அருந்த விரும்பினால்

விருப்பத்தை நான் தடுக்கவில்லை. ஆரோக்கியமான வளர்ந்த ஒருவர் பீ.எச். 9 அளவிலான நீரை அருந்துவதால் பொதுவாகத் தீங்கு நேராது. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர், இருதயப் பலவீனம் உள்ளவர், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நெடுங்காலம் எடுப்பவர், கர்ப்பிணிகள் ஆகியோர் தம் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம். இயந்திரத்தில் பீ.எச். 10இற்கு மேல் வரும் நீர் கழுவுவதற்கே உரியது, குடிப்பதற்கு அல்ல. போத்தல் நீரானால் யார் தயாரித்தது, எந்தப் பதிவிலக்கம் என்று பாருங்கள். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ரியல் வோட்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட காரநீரோடு தொடர்புபட்டு, 2020இன் இறுதியில் குழந்தைகள் சிலர் கடும் ஈரல் செயலிழப்புக்கு ஆளாகி, மறு ஆண்டு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பீ.எச். எண்ணைப் பார்த்து அந்த ஆபத்தை அறிந்திருக்க முடியாது.

செலவில்லாமல் காரநீர் செய்கிறேன் என்று அப்பச்சோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பவர்களையும் காண்கிறேன். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் ஏறத்தாழ 1,260 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒருவர் நாள் முழுவதும் உண்ணக்கூடியது 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் பழகிய நம் சாப்பாட்டோடு இது சேர்ந்தால் குருதி அமுக்கம் ஏறும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து குடிப்பது இதைவிட மோசமானது. அது தொண்டையையும் உணவுக் குழாயையும் அரித்துவிடும்.

இயந்திரம் ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதற்குள் விடும் நீரை முதலில் பரிசோதித்துக்கொண்டு, வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றி, தகடுகளின் படிவை நீக்கி, நடுநிலை நீர் வரும் அமைப்பில் வைத்துச் சாதாரண வடிகட்டியாகப் பயன்படுத்துங்கள். மாத்திரைகளை அந்தக் கார நீரோடு விழுங்காதீர்கள். சில மாத்திரைகளின் மேற்பூச்சு இரைப்பையைத் தாண்டிய பின்னரே கரையும் வகையில் செய்யப்பட்டது; காரத்தில் அது முன்கூட்டியே கரையக்கூடும். நீரிழிவுக்கோ குருதி அமுக்கத்துக்கோ எடுக்கும் மருந்தை, கிளினிக்கில் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.